வலப்பக்கம் விழுந்த பூ

என் அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது, டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அன்று மதியம் பெட்டும் தயார். "இப்பவே எடுத்துட்டா தப்பிச்சுக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டா என் கையில இல்லை" என்று அவர் எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு யார் என்ன சொல்ல வேண்டும்? ஆனால் கருப்பாத்தாளுக்கு, அதாவது என்னைப் பெற்ற மகராசிக்கு, ஒரு மரம் சொல்ல வேண்டும்.

"உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்தர்றேன் கண்ணு. அவரு என்ன சொல்றாரோ அதுதான்" என்றாள் காலையில், தலையை வாரிக்கொண்டே.

"அப்பா செத்துப் போயிட்டாரும்மா."

"செத்துப்போனா? அதுக்குன்னு கேக்காம இருக்க முடியுமா?"

எனக்கு வாயில் நல்லா வந்தது. அடக்கிக்கொண்டேன். இதற்கு முன்பும் ஒரு தேதி வாங்கி, அம்மா கிளம்ப மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டதில் அது வீணாகப் போயிருந்தது. இந்தத் தடவை அவளாகவே "போறதா வேண்டாமாங்கறது இன்னிக்குத் தெரிஞ்சிரும்" என்றதே பெரிய விஷயம். அவளுக்குத் தெரியாமல் துணிமணி, டவல், பிளாஸ்க் எல்லாவற்றையும் பையில் திணித்து வண்டி டிக்கியில் வைத்துவிட்டு, அவளை முன்சீட்டில் உட்காரவைத்து நெருப்பெரிச்சல் குளக்கரைக்கு வண்டியை விட்டேன்.

எங்கள் பக்கத்தில் மனதில் குழப்பம் வந்தால் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்பார்கள். பூசாரி அம்மன் மேல் பூ வைப்பார். நாம் கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. கல்யாணம், கிணறு, பங்காளிச் சண்டை எல்லாம் அப்படித்தான் முடிவாகும். அப்பா போன பிறகு அம்மா அம்மனை விட்டுவிட்டு நேராக அப்பாவிடமே வந்துவிட்டாள். தம்பி நித்தீஷ் பெங்களூருக்குப் போகலாமா, மாடியில் தகரம் போடலாமா, நான் வேலையை விட்டு வேறு கம்பெனிக்கு மாறலாமா, எல்லாவற்றுக்கும் மரம். அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது அவரிடம் இதில் பாதி கேட்டிருப்பாளா என்பதே சந்தேகம்.

மரம் என்றால் வெறும் மரம் இல்லை, அப்பாவின் மரம். கொரோனாவில் ஊரில் பலபேர் போனபோது, குளக்கரையில் புறம்போக்காகக் கிடந்த இடத்தை ஊர்க் கமிட்டிக்காரர்கள் சுத்தம் செய்து, போனவர்கள் பேரில் ஆளுக்கொரு மரம் வைத்தார்கள். நினைவுத் தோட்டம் என்று வாசலில் வளைவு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு தகடு, அதில் பேரும் தொழிலும். அப்பாவுக்கு வைத்தது பூவரசு. "கிட்டுசாமி, நிட்டிங்" என்று தகட்டில் எழுதியிருக்கும், ஏதோ அவர் படித்து வாங்கிய பட்டம் மாதிரி.

பங்குனி முடியப் போகிற நேரம். உள்ளே போனதும் எனக்கே ஒரு நிமிஷம் கோபம் மறந்துபோனது. சரக்கொன்றைகள் இலை தெரியாமல் மஞ்சளாகத் தொங்கின. புங்கமரங்களுக்கு அடியில் நடக்க இடமில்லாமல் வெள்ளையும் ஊதாவுமாகப் பூ கொட்டிக் கிடந்தது. வேம்பு பூத்த வாசனை குளத்துக் காற்றோடு வந்தது. யாரோ ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக் கொன்றையடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. செத்தவர்களெல்லாம் சேர்ந்து திருவிழா நடத்துகிற மாதிரி இருந்தது அந்த இடம்.

அப்பாவைத் தவிர. அவர் பூவரசில் அங்கொன்று இங்கொன்று. மனுஷன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் இரைச்சலில் நின்று நின்று, வாயால் பேசுவதையே விட்டுவிட்டவர். என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். தகட்டை முந்தானையால் துடைத்தாள். மரத்துக்கு முதுகைக் கொடுத்துக் கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்கு எது வலதோ அதுவே தனக்கும் வலது என்பது அவள் கணக்கு. முந்தானையை மடி நிறைய விரித்தாள்.

"முழுப் பூவா விழோணும். மடியில விழோணும். நீ அக்கட்டால போய் நில்லு" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. "ஏனுங்க" என்று தொடங்கியது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் நின்றேன். ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. பையர், ஷிப்மென்ட், சாயப்பட்டறை என்று எல்லோரையும் விரட்டி விரட்டியே பிழைப்பு நடத்துகிறவள். ஒரு பூவை எப்படி விரட்டுவது?

போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி. தள்ளிப் போய் எடுத்தேன்.

"மேடம், கருப்பாத்தாள் பேஷன்ட் அட்டெண்டர்ங்களா? அட்மிஷன் கன்ஃபர்ம் பண்ணிக்கலாங்களா? இல்லைன்னா பெட்டை அடுத்த பேஷன்டுக்குக் குடுத்துருவோம்."

"வந்துட்டே இருக்கோங்க. கொஞ்ச நேரம் குடுங்க."

"எங்க வந்துட்டிருக்கீங்க மேடம்?"

"அவிநாசி தாண்டிட்டோங்க" என்று புளுகினேன்.

திரும்பி வந்தால் அம்மா அசையவில்லை. முந்தானையில் ஓர் எறும்பு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்தேன். பார்த்தது தப்பாகப் போயிற்று.

பூவரசம்பூ பூக்கும்போது மஞ்சள். வாடி விழப்போகும்போது சிவந்து சுருங்கும். சின்ன வயதில் அதைப் பொறுக்கி விளையாடாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. அம்மாவின் வலது முழங்காலுக்கு மேலே இருந்த கிளையில் ஒரே ஒரு பூ, பளிச்சென்று மஞ்சளாக, அன்று காலையில்தான் விரிந்தது போல. அது இன்றைக்கு விழாது. இடது முழங்காலுக்கு நேர் மேலே ஒரு பூ, செக்கச்சிவந்து, காம்பு தளர்ந்து, காற்று ஊதினால் போதும் என்று தொங்கியது.

அடப்பாவி அப்பா, கடைசியில் இதைத்தான் சொல்லப் போகிறாயா என்று மனதுக்குள் கத்தினேன். குளத்திலிருந்து காற்று வந்தது. சிவந்த பூ ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. அது விழுந்தால் அம்மா எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஊட்டுக்குப் போலாங்கண்ணு" என்பாள். அதற்கு மேல் அவளை எந்தச் சாமியாலும் நகர்த்த முடியாது. அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ, அதற்குள் அந்தக் கட்டி எங்கே போய் நிற்குமோ!

அடுத்த காற்று வருவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தின் பின்பக்கமாகச் சுற்றி அவளருகே போனேன். எக்கி, கிளையை அசைக்காமல், அந்தச் சிவந்த பூவைக் காம்போடு கிள்ளினேன். கிள்ளவே வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்தது. அதைக் கொண்டுபோய் அம்மாவின் வலது முழங்காலுக்கு மேலே பிடித்து விட்டேன்.

தொப்பென்று விழுந்தது. நிமிர்ந்தால் எதிரே, பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற கந்தப்பன் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவர் பக்கத்துக் கொன்றைக்குத் தண்ணீர் விடத் திரும்பினார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். மடியைப் பார்த்தாள். வலப்பக்கம் கிடந்த பூவை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் இத்தனை வாரமாக இருந்த இறுக்கம் அப்படியே கழன்று போனது. சிரித்தாள்.

"சரின்னுட்டாரு கண்ணு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே! அப்பா சரின்னுதான் சொல்லுவாரு" என்று அவளைத் தூக்கிவிட்டேன். பொய்தான். இருக்கட்டும். என்னைப் பெற்றவள் பிழைக்க ஒரு பொய் சொன்னால் எந்தச் சாமி என் கண்ணைக் குத்தப்போகிறது! ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கன்ஃபர்ம் என்றேன். நித்தீஷுக்கு, அம்மா ஒத்துக்கிட்டாங்க என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். என் குரல் எனக்கே பள்ளிக்கூடப் பிள்ளை குரல் மாதிரி கேட்டது.

இதற்குள் அம்மா பூவை முந்தானை நுனியில் முடிந்துகொண்டு கந்தப்பனிடம் போய்விட்டாள்.

"கந்தப்பா, எங்கூட்டுக்காரரு பூவரசுக்குப் பக்கத்துல எடம் சும்மாதானே இருக்குது?"

"ஆமாங்க அம்மிணி. சும்மாதானுங்க."

"அதை வேற யாருக்கும் குடுத்துப்போடாத. கமிட்டிக்காரங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லி வெய்யி. என்ன மரம் வேணாலும் வெக்கட்டும், பூவா இருந்தாப் போதும்."

கந்தப்பன் கையிலிருந்த பைப் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது, ஆனால் நம்ப முடியவில்லை.

"யாருக்கும்மா மரம்?"

"எனக்குத்தான் கண்ணு." அம்மா அதைச் சந்தைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள். "அவரு கூப்பிட்டுட்டாரு. இனி ஆஸ்பத்திரி எதுக்கு? அறுக்கறது, ஒட்டவெக்கறது, மசுரு கொட்டறது, எதுவும் வேண்டாம். வா, ஊட்டுக்குப் போலாம்."

"அம்மா, அப்பா சரின்னு சொன்னாருன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. ஏனுங்க, என்னைக் கூப்பிடறீங்களான்னு கேட்டேன். வலப்பக்கம் போட்டுட்டாரு."

ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்பாள் என்றுதானே நான் நினைத்தேன்! யார் சொன்னது எனக்கு? யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். அந்தச் சிவந்த பூவை அதன் பாட்டுக்கு இடப்பக்கம் விழ விட்டிருந்தால், கூப்பிடவில்லை என்று ஆகியிருக்கும். அம்மா இந்நேரம் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பாள். என் கையால் கிள்ளி, என் கையால் அவளைச் சாகச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது அப்பா போடலை. நான் போட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பூ இந்தப் பக்கம்தான் தொங்குச்சு. இடப்பக்கம். நான் பின்னால வந்து கிள்ளி வலப்பக்கம் போட்டேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு போட்டேன்மா. அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லை!"

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, பரிதாபப்படுகிறவள் மாதிரி, என் கன்னத்தைத் தொட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காக என்னென்ன பொய்யெல்லாம் சொல்றே. பாவம் நீ."

"பொய்யில்லைம்மா!"

"நீ அக்கட்டால போன் பேசிட்டிருந்தே. எனக்குக் காது கேக்காதா? அவிநாசி தாண்டிட்டோம்னு அவியகிட்டச் சொன்னியே, அதுவும் கேட்டுச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கந்தப்பண்ணா! நீங்க பாத்தீங்க இல்ல? சொல்லுங்க அண்ணா! நான் கிள்ளிப் போட்டதைப் பாத்தீங்க இல்ல?"

கொன்றையடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கந்தப்பன் பைப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் கண் என் மேலும் நிற்கவில்லை, அம்மா மேலும் நிற்கவில்லை. பூவரசின் தகட்டில் போய் நின்றது.

"செத்தவங்க வாக்குல நான் என்னங்க சொல்றது... நான் கொன்றைக்குத் தண்ணி உட்டுட்டிருந்தனுங்க அம்மிணி."

"அண்ணா!"

"என்னை உட்ருங்க. எனக்கும் புள்ளைகுட்டி இருக்குதுங்க" என்று சொல்லிக் கிட்டத்தட்ட ஓடினார் அந்த மனுஷன். பைப் பாம்பு மாதிரி அவர் பின்னால் இழுபட்டுப் போனது.

போன் மறுபடி அதிர்ந்தது. நித்தீஷாக இருக்கும், சந்தோஷப்பட்டுக் கூப்பிடுகிறான். நான் எடுக்கவில்லை. அம்மா செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, வாசல் வளைவைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. எல்லாம் முடிவாகிப்போன நடை. நான் ஓடிப்போய் வழியை மறித்து நின்றேன்.

"சரி. அப்பாதான் போட்டாருன்னே வெச்சுக்கோ. அவரு உன்னைக் கூப்பிட்டாரு. நானும் கூப்பிடறேன். நித்தீஷும் கூப்பிடறான். செத்தவரு கூப்பிட்டாப் போவே, இருக்கறவங்க கூப்பிட்டா வரமாட்டியா? நாங்க உனக்கு யாரும்மா?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! அந்த மனுஷனுக்கு இப்ப என்ன அவசரம்? பசிக்குதா, துணி துவைக்க ஆள் இல்லையா? எனக்குத்தான் நீ வேணும். எனக்கு!"

அழக்கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை. மூக்கைத் துடைத்தேன். பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, அவள் காலடியில் அந்தப் புங்கம்பூக் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு முதுகைக் கொடுத்து, கால் நீட்டி, அப்பாவின் மரத்தடியில் அவள் உட்கார்ந்த அதே மாதிரி. துப்பட்டாவைக் கழற்றி மடியில் விரித்தேன்.

"என்ன கண்ணு இது? எந்திரி."

"நான் உங்கிட்டக் கேக்கறேன். அப்பாகிட்ட இல்லை, அம்மன்கிட்ட இல்லை. வாய்க்குள்ள கேக்க மாட்டேன், வாய் உட்டே கேக்கறேன். நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியா? வர்றதா இருந்தா வலப்பக்கம் போடு. மாட்டேன்னா இடப்பக்கம் போட்டுட்டுப் போ. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை கேட்டா என்னை என்னன்னு கேளு."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. செல்ஃபிக்காரர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். தூரத்தில் ஏதோ கம்பெனியின் ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அம்மா போய்விட்டாளோ என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது கேட்டதாகாது.

பிறகு அவள் மூச்சு கேட்டது. என் தலைக்கு மேலேதான் நின்றிருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கிற சத்தம். விரல் நடுங்கினால் முடிச்சு சீக்கிரம் அவிழாது.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு" என்றாள் அம்மா. இத்தனை வாரத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. வேண்டாம் என்பாள், முடியாது என்பாள், அவரு பாத்துக்குவாரு என்பாள். "எங்கக்காளையும் இப்படித்தான் அறுத்தாங்க. கடைசில பக்கத்துல யாருமே இல்ல. அவரு கூப்பிட்டாருன்னா பயமில்லாமப் போயிரலாம்னு நெனச்சேன்."

"எனக்கும் பயந்தாம்மா" என்றேன், கண்ணைத் திறக்காமல். "நான் பக்கத்துலயே இருப்பேன். தியேட்டர் வாசல்லயே உக்காந்திருப்பேன். போடு, எதுன்னாலும் போடு."

காற்று வந்து புங்கம்பூக்களை என் கை மேலும் கழுத்து மேலும் கொட்டியது. அதில் எது என்ன என்று தெரியவில்லை. பிறகு துப்பட்டாவில் ஒன்று விழுந்தது. புங்கம்பூ அந்தக் கனம் கனக்காது.

கண்ணைத் திறந்தேன். சிவந்து கசங்கிய பூவரசம்பூ. என் வலது முழங்கால் மேல் கிடந்தது.

திரும்பாமலே கேட்டேன். "கை நடுங்கி விழுந்துச்சாம்மா? இல்ல, நீ போட்டியா?"

அம்மா என் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

"நான்தான் போட்டேன்."